மேடை வேண்டாம், மேக்கப் வேண்டாம்... வகுப்பறையில் ஒரு வேடம் போதும்!

மருத்துவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பாடத்திட்டத்திலேயே இருக்கும் 'ரோல் பிளே', விருத்தாசலம் போன்ற ஊர்களின் வகுப்பறைகளில் என்ன மாற்றம் கொண்டுவரும்?

"யாருக்காவது டவுட் இருக்கா?"

கல்லூரி வகுப்பறைகளில் தினமும் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் பதிலே வராத கேள்வியும் இதுதான். அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது நிமிடம் பாடம் நடந்திருக்கும். எல்லாத் தலைகளும் குனிந்திருக்கும். "அப்போ எல்லாருக்கும் புரிஞ்சுது" என்று ஆசிரியர் புத்தகத்தை மூடுவார். பெல் அடித்துவிடும்.

அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 'தப்பாகக் கேட்டால் சிரிப்பார்களோ, இங்கிலீஷில் கேட்க வேண்டுமோ, கேட்டால் நம்மையே திருப்பிக் கேட்பார்களோ' என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். அவர்கள் மூன்று வருடம் வாய் திறக்காமலே டிகிரி வாங்கிவிட முடியும். ஆனால் இன்டர்வியூவில் முதல் கேள்வியே "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்பதுதான்.

இந்த மௌனத்தை உடைக்க உலகம் முழுக்கப் பல கல்லூரிகள் பயன்படுத்தும் எளிய வழி ஒன்று உண்டு. ரோல் பிளே. தமிழில் 'பாத்திரமேற்று நடித்தல்'. பாடத்தில் வரும் ஒரு சூழலை எடுத்துக்கொண்டு, அதில் வரும் மனிதராக மாணவரே மாறிப் பேசுவது.

இது நாடகம் இல்லை

ரோல் பிளே என்றதும் ஆண்டு விழா நாடகம் ஞாபகம் வரும். இரண்டும் வேறு. நாடகத்தில் வசனம் எழுதித் தருவார்கள். மனப்பாடம் செய்ய வேண்டும். பார்வையாளர்களுக்காக நடிக்க வேண்டும். ரோல் பிளேயில் வசனம் கிடையாது. 'நீ இன்னார், உன் பிரச்னை இது, உனக்கு வேண்டியது இது' என்ற மூன்று வரி மட்டும்தான் கையில் இருக்கும். மீதியை மாணவர் அந்த நிமிடத்தில் யோசித்துப் பேச வேண்டும். நன்றாக நடித்தாரா என்பது முக்கியமே இல்லை. என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்பதுதான் கேள்வி.

இந்த முறைக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், 1921-ம் ஆண்டு வியன்னாவின் ஒரு நாடக அரங்கில் முன்தயாரிப்பு இல்லாத நடிப்பைச் சோதித்துப் பார்த்தார். வாழ்க்கைச் சிக்கலைப் பற்றி வெறுமனே பேசுவதைவிட, அதை நடித்துப் பார்த்தால் மனிதர்களுக்குப் புதிய தெளிவு கிடைக்கிறது என்பது அவர் கண்டது. பின்னர் அமெரிக்கா போய் 'சைக்கோடிராமா' என்ற சிகிச்சை முறையாக அதை வளர்த்தார். மனநல சிகிச்சையில் தொடங்கிய உத்தி, மெள்ள மெள்ள நிர்வாகப் பயிற்சிக்கும் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

பொய் நோயாளி, நிஜப் பாடம்

படிப்பில் ரோல் பிளே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மருத்துவக் கல்வி நல்ல சாட்சி.

1963-ம் ஆண்டு. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு காரியம் செய்தார். ஆரோக்கியமாக இருந்த ஒரு பெண்ணுக்கு, நரம்பு நோயாளியைப் போல நடிக்கப் பயிற்சி கொடுத்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரைப் பரிசோதித்தார்கள். மாணவர் எப்படிப் பேசினார், எதைக் கேட்க மறந்தார், தொடும்போது வலித்ததா என்பதையெல்லாம் அந்த 'நோயாளி'யே பிறகு எடுத்துச் சொன்னார். 'மருத்துவக் கல்லூரியில் சினிமாவா' என்ற கேலி ஆரம்பத்தில் எழுந்தது. இன்று உலகின் பல நாடுகளில் மருத்துவ மாணவர்கள் இத்தகைய நடிப்பு நோயாளிகளிடம் பயிற்சி எடுத்துத்தான் டாக்டர் ஆகிறார்கள்.

இந்தியாவிலும் கதை தொடங்கிவிட்டது. நோயாளியிடம் பேசும் விதம், நடத்தை, அறம் ஆகியவற்றைக் கற்பிக்க 'ஏட்காம்' என்ற தனிப் பாடத்தொகுதியை இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ம் ஆண்டு வெளியிட்டது. 2019-ல் எம்.பி.பி.எஸ் சேர்ந்த மாணவர்களிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதில் பரிந்துரைக்கப்படும் கற்பித்தல் முறைகளில் ரோல் பிளேயும் ஒன்று.

சட்டக் கல்லூரிகளுக்கு இது பழைய பழக்கம். 'மூட் கோர்ட்' என்று சொல்லப்படும் மாதிரி நீதிமன்றம், இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி கட்டாயப் பயிற்சித் தாளில் அடங்கும். ஒரே வழக்கில் ஒரு மாணவர் வாதிக்காகவும் இன்னொருவர் பிரதிவாதிக்காகவும் வாதாடியாக வேண்டும். தன் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும், கொடுத்த தரப்பின் நியாயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் பாடமே.

'இளைஞர் நாடாளுமன்றம்' இன்னோர் உதாரணம். மத்திய நாடாளுமன்ற விவகாரத் துறை 1966-67-ல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கிய போட்டி இது. பின்னாளில் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளுக்கும் வந்தது. பிரதமராக ஒருவர், எதிர்க்கட்சித் தலைவராக ஒருவர், சபாநாயகராக ஒருவர். ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, 'கேள்வி நேரம்' என்பது புத்தகத்தில் வரும் வெறும் சொல்லாக இருக்காது.

ஆக, நாளைய டாக்டருக்கும் வக்கீலுக்கும் ரோல் பிளே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி., டிப்ளமோ வகுப்புகளில் அது பெரும்பாலும் ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தைப் பொறுத்தது. பேசிப் பழக வாய்ப்பு குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் அதிகம் உட்கார்ந்திருக்கும் வகுப்புகளும் அவைதான்.

விருத்தாசலத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்தைப் பலரும் ரயில்வே ஜங்ஷனாகவும் பழமலைநாதர் கோயில் ஊராகவும் அறிவார்கள். இன்னோர் அடையாளம், பீங்கான். பக்கத்தில் நெய்வேலி, அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. ஊரில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கேரியர் என்று சின்னச் சின்னப் பொருள்கள் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ நடத்தும் அரசுக் கல்வி நிறுவனமும், திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் இதே ஊரில் இருக்கின்றன.

செராமிக் படிக்கும் மாணவருக்கு ஓர் எண் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்: 573. பீங்கான் கலவையில் இருக்கும் குவார்ட்ஸ், 573 டிகிரி செல்சியஸில் சட்டென்று அளவு மாறும். சுட்டு முடித்த சூளை ஆறும்போது அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால், பொருளில் விரிசல் விழும். பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வி. தொழிலில் இது ஒரு சூளைச் சரக்கு.

இந்த இரண்டு மார்க் கேள்வியை ரோல் பிளே ஆக்கினால் எப்படி இருக்கும்? ஒரு கற்பனைச் சூழல் இதோ.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கிறது. ஐயாயிரம் அகல் விளக்கு ஆர்டர். பத்துக்கு ஒன்றில் முடி போலக் கீறல். மூன்று பேருக்கு மூன்று சீட்டு கொடுக்கப்படுகிறது. ஒருவர் சீட்டில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

வியாபாரியின் சீட்டு: 'கடைக்காரர்களிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டீர்கள். தீபம் முடிந்தால் ஒரு விளக்குகூட விற்காது.'

பட்டறை உரிமையாளரின் சீட்டு: 'சீக்கிரம் சரக்கு எடுக்க வேண்டும் என்று சூளையைத் திறக்கச் சொன்னது நீங்கள்தான்.'

சூளைப் பொறுப்பாளரின் சீட்டு: 'நீங்கள் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஆறுவதற்கு முன் திறந்தால் விரிசல் விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் முதலாளியம்மா சொன்னதும் திறந்துவிட்டீர்கள்.'

இனி வகுப்பறையில் பேச்சு இப்படிப் போகலாம்.

"என்னம்மா இது, பத்துக்கு ஒண்ணு கீறியிருக்கு. எண்ணெய் ஊத்துனா ஒழுகுது. இதை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

"கோபப்படாதீங்க அண்ணே. தம்பி, என்ன ஆச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லு."

"சார், அது வந்து... குவார்ட்ஸ் இன்வர்ஷன் டெம்பரேச்சர்ல கூலிங் ரேட் அதிகமாகி..."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு தம்பி."

இங்கே ஒரு அமைதி விழும். பரீட்சைத் தாளில் ஐந்து வரி எழுதத் தெரிந்தவருக்கு, ஒரு வியாபாரிக்குப் புரியும்படி ஒரு வரி சொல்ல வராது. கொஞ்சம் தடுமாறிவிட்டு மாணவர் வேறு வழி தேடுவார்.

"சார், கொதிக்கக் கொதிக்க டீ ஊத்தின கண்ணாடி டம்ளர்ல உடனே ஐஸ் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"விரிஞ்சிடும்."

"அதேதான் சார். சூளை தானா ஆறணும். ஆறுறதுக்குள்ள கதவைத் திறந்துட்டோம்."

"திறந்தது யாரு?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் கிடையாது. முதலாளியம்மாவைக் காட்டிக்கொடுப்பதா? பழியைத் தானே ஏற்பதா? 'யார் திறந்தாலும் சரி, நல்ல விளக்கைத் தட்டிப் பார்த்துப் பிரித்து, மீதியை ஒரு வாரத்தில் சுட்டுத் தருகிறோம்' என்று பேச்சைத் தீர்வுக்குத் திருப்புவதா? அடுத்த முறை "அக்கா, இன்னும் ஆறல, இப்போ திறக்க வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்?

573 என்ற எண் அந்த மாணவருக்கு இனி மறக்காது. அதோடு, வேலைக்குப் போனபின் சந்திக்கப்போகும் ஒரு சங்கடத்தை, வேலைக்குப் போவதற்கு முன்பே ஒருமுறை கடந்துவிட்டார்.

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

ரோல் பிளேயின் அடிப்படையைப் பீங்கான் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். வனைந்து வைத்த பச்சைப் பாத்திரம் உருவம் கோணிவிட்டால் கவலையில்லை. உடைத்து, தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி மண்ணாகிவிடும், புதிதாக வனையலாம். சூளைக்குள் போய் வந்த பாத்திரத்தை அப்படிச் செய்ய முடியாது. சுட்டபின் அது திரும்ப மண்ணாகாது.

வகுப்பறை, பச்சை மண் காலம். அங்கே செய்யும் தவறு யாரையும் பாதிக்காது. தடுமாறலாம், மறுபடி தொடங்கலாம். நிஜமான வியாபாரியிடம், நிஜமான நோயாளியிடம், நிஜமான இன்டர்வியூ அறையில் செய்யும் தவறுக்கு விலை உண்டு. சொற்பொழிவு மட்டுமே கேட்டுப் படித்த மாணவர், தன் முதல் தவறைச் சுட்ட மண் காலத்தில்தான் செய்கிறார்.

கூச்சம் உள்ள பிள்ளைகளுக்கு வேடம் ஒரு கவசமும்கூட. "உன் கருத்தைச் சொல்" என்றால் வாயடைத்துப் போகும் மாணவி, "நீ இப்போ வியாபாரி, கோபமா கேளு" என்றால் கேட்டுவிடுவார். தப்பாகப் பேசினாலும் பேசியது வியாபாரிதானே!

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மாணவர்களைச் செய்யவைத்துக் கற்பிக்கும் முறைகள் குறித்து 2014-ம் ஆண்டு ஒரு முக்கியமான அலசல் வெளிவந்தது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமேன் குழுவினர் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் சொற்பொழிவு வகுப்புகளில் படித்தவர்கள் ஃபெயில் ஆகும் வாய்ப்பு, செயல்வழி வகுப்புகளில் படித்தவர்களைவிட ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. தேர்வு மதிப்பெண்ணும் செயல்வழி வகுப்புகளில் சுமார் 6 சதவிகிதம் கூடுதல். இந்த ஆய்வு ரோல் பிளேயை மட்டும் பற்றியதல்ல. குழு விவாதம், வகுப்பிலேயே கணக்குப் போடுவது எனப் பல முறைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

2019-ம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. நல்ல சொற்பொழிவு கேட்ட மாணவர்கள் 'நிறைய கற்றுக்கொண்டோம்' என்று நினைத்தார்கள். செயல்வழி வகுப்பில் முட்டி மோதிய மாணவர்கள் 'குறைவாகத்தான் கற்றோம்' என்று நினைத்தார்கள். டெஸ்ட் வைத்துப் பார்த்தால் முடிவு நேரெதிர்! கஷ்டப்பட்டுக் கற்கும்போது கற்பதாகவே தோன்றுவதில்லை. 'சார் பாடம் நடத்தாம விளையாடிக்கிட்டிருக்கார்' என்று மாணவர்களே புகார் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

தமிழகத்துக்கு இந்தச் சிந்தனை புதிதும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய 'செயல்வழிக் கற்றல்' பலருக்கும் நினைவிருக்கும். அட்டைகளோடு தரையில் உட்கார்ந்து படித்த அந்தக் குழந்தைகளில் பலர் பின்னாளில் கல்லூரிக்கு வந்தபோது, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எழுத வேண்டியிருந்தது.

அறுபது பேர், ஐம்பது நிமிடம்... நடக்குமா?

ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. போர்ஷன் முடிக்க வேண்டும், இன்டர்னல் மார்க் போட வேண்டும், பெஞ்சுகள் தரையோடு பதிக்கப்பட்டிருக்கும். இதற்கு நடுவில் எப்படி?

ஒரு வழி, எல்லோரையும் ஒரே நேரத்தில் நடிக்கவைப்பது. நான்கு பேர் கொண்ட பதினைந்து குழுக்கள். மூன்று பேர் பாத்திரம், ஒருவர் கவனிப்பவர். முன் பெஞ்ச் பின்னால் திரும்பினால் போதும், மேடை தேவையில்லை. எல்லோரும் பேசுவதால் யாரையும் யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள், கூச்சமும் குறையும். சத்தம் வரும். பக்கத்து வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இன்னொரு வழி, பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கிய 'ஃபோரம் தியேட்டர்'. மூன்று பேர் நடிப்பார்கள். மற்ற ஐம்பத்தேழு பேரில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம். மேற்கு வங்கத்தின் 'ஜன சன்ஸ்கிருதி' குழு 1985-லிருந்து கிராமங்களில் இயங்கிவருகிறது. வரதட்சணை, குடும்ப வன்முறை போன்ற பிரச்னைகளை இதே பாணியில் மக்களோடு அலசுகிறது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: சூழலை விளக்க 5 நிமிடம், தயாராக 5 நிமிடம், நடிக்க 10 நிமிடம், பேச 25 நிமிடம். கணக்கு தலைகீழாகத் தெரிகிறதா? இல்லை. நடிப்பைவிட அதன் பிறகு நடக்கும் பேச்சுதான் பாடம். அது இல்லாவிட்டால் ரோல் பிளே வெறும் கலகலப்பாக முடிந்துவிடும்.

அந்தப் பேச்சுக்கு நான்கு கேள்விகள் போதும்:

* என்ன நடந்தது?
* அந்த நிமிடம் உங்களுக்கு என்ன தோன்றியது?
* பாடத்தில் படித்தது எங்கே உதவியது, எங்கே கைவிட்டது?
* இதே சூழல் நாளை நிஜத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்?

வட தமிழகத்துக்காரர்களுக்குத் தெருக்கூத்துக் கட்டியங்காரனைத் தெரியும். கதைக்குள்ளும் இருப்பான், வெளியேயும் இருப்பான். ராஜாவையே கேள்வி கேட்பான், சனத்துக்குப் புரியும்படி எடுத்தும் சொல்வான். ரோல் பிளே வகுப்பில் ஆசிரியரின் வேலை ஏறக்குறைய அதுதான். எல்லாம் தெரிந்தவராகத் தீர்ப்புச் சொல்லாமல், சரியான இடத்தில் சரியான கேள்வியைப் போடுபவர்.

எந்தப் பாடத்துக்கு எந்த வேடம்?

வரலாறு: நியூயார்க் பர்னார்டு கல்லூரியில் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் 1990-களில் தொடங்கிய 'ரியாக்டிங் டு தி பாஸ்ட்' என்ற முறையில், மாணவர்கள் வாரக்கணக்கில் வரலாற்றுப் பாத்திரங்களாகவே வாழ்கிறார்கள். அதில் ஒரு விளையாட்டு, 1945-ம் ஆண்டு சிம்லா மாநாட்டுக் கால இந்தியா. காங்கிரஸ் தலைவராகவும் முஸ்லிம் லீக் தலைவராகவும் அமெரிக்க மாணவர்கள் மோதிக்கொள்கிறார்கள். நம் வரலாற்றை நம் மாணவர்கள் நடித்துப் பார்க்க என்ன தடை?

அரசியல் அறிவியல்: கிராம சபை. ஊராட்சித் தலைவர், செயலர், குடிநீர் வராத தெருவின் பெண், குளத்தை ஆக்கிரமித்தவர். தமிழகத்தில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வகுப்பில் ஒருமுறை பேசிப் பழகியவர், சொந்த ஊர் சபையிலும் எழுந்து நிற்பார்.

வணிகவியல்: வங்கி மேலாளரும் கடன் கேட்டு வந்த பட்டறைக்காரரும். இருப்புநிலைக் குறிப்பை ஒருவர் விளக்க வேண்டும், இன்னொருவர் துருவ வேண்டும்.

செராமிக், வேதியியல்: சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். "மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது தம்பி, இருபது வருஷமா இப்படித்தான் வேலை பாக்குறேன்" என்று சொல்லும் மூத்த தொழிலாளியிடம், இளம் சூப்பர்வைசர் மரியாதை குறையாமல் எப்படிப் பேசுவார்?

தமிழ், சட்டம்: விருத்தாசலம் பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், பக்தர்கள் தங்கள் குறையைச் சாமிக்குப் 'பிராது' எழுதிக் கட்டுவது வழக்கம். ஒரு குறையை எடுத்துக்கொண்டு பிராது எழுதுங்கள். அடுத்து, யார் மேல் பிராதோ அவராக மாறி, அவர் தரப்பிலிருந்து ஒரு பதில் பிராது எழுதுங்கள். இரண்டாவதை எழுதும்போதுதான் முதலாவதில் விட்டுப்போனது தெரியும்.

எங்கே கவனம் தேவை?

வேடம் விளையாட்டுப் பொருள் இல்லை. 1971-ம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மாணவர்களைச் சிறைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் பிரித்து நடந்த ஆய்வு, இரண்டு வாரத்துக்குத் திட்டமிடப்பட்டது. 'காவலர்கள்' எல்லை மீறியதால் ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. அந்த ஆய்வு நடந்த விதம் குறித்துப் பின்னாளில் கடும் விமர்சனங்கள் எழுந்தன. ஆனால் வகுப்பறைக்கு அது தரும் எச்சரிக்கை இன்றும் பொருந்தும்: அதிகாரம் உள்ள வேடத்தைக் கொடுப்பவர், எப்போது நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. சாதிக் கொடுமை பற்றிய பாடத்தில், அதை வீட்டில் அனுபவித்த மாணவரையே பாதிக்கப்பட்டவராக நடிக்கவைப்பது கல்வி ஆகாது. அது மறுபடி ஒரு காயம். குடும்ப வன்முறை, தற்கொலை, பாலியல் சீண்டல் போன்றவற்றை நேரடியாக நடிக்கவைக்காமல், உதவி செய்யும் இடத்தில் இருப்பவரின் பாத்திரமாக மாற்றலாம்: ஹெல்ப்லைன் ஊழியர், தோழி, ஆசிரியர். 'எனக்கு இந்தப் பாத்திரம் வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும், கவனிப்பவராக மட்டும் இருக்கும் உரிமையும் எல்லோருக்கும் வேண்டும். நர்ஸ் என்றால் மாணவி, மேனேஜர் என்றால் மாணவன் என்று பிரிக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுவது நல்லது. முடிந்ததும் பாத்திரப் பெயரைக் கழற்றிவிட்டுச் சொந்தப் பெயரில் பேசவைக்க வேண்டும். 'வில்லன்' வேடம் போட்டவரை அடுத்த வாரம் முழுக்க யாரும் அப்படியே கூப்பிடாமலிருக்க அது உதவும்.

இன்னொன்று, நடிப்புக்கு மார்க் போட வேண்டாம். மார்க் என்றதும் தவறு செய்யும் சுதந்திரம் போய்விடும். வேண்டுமானால் நடித்து முடித்தபின் மாணவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்புக்கு மதிப்பெண் தரலாம். எல்லாப் பாடத்துக்கும் இதை இழுக்கவும் வேண்டாம். ஒரு சமன்பாட்டை வருவிக்கக் கரும்பலகைதான் சிறந்த இடம். அந்தச் சமன்பாட்டை வைத்து ஒரு மனிதரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தால், அங்கே வேடம் வேலை செய்யும்.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்

கல்லூரியில் ரோல் பிளே இருக்கிறதா, இல்லையா என்று காத்திருக்க வேண்டியதில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ சித்தியோ அதிகாரியாக உட்காரலாம். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "நீ படிச்சதுல ஒண்ணை எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டால் போதும். அதைவிடக் கஷ்டமான இன்டர்வியூ கேள்வி கிடையாது. பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை அதிகாரியாகட்டும், நீங்கள் வேலை தேடுபவராகுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான், எந்தப் பதில் நம்பிக்கை தருகிறது, எது மழுப்பல் என்று தெரியும்.

நண்பர்கள் நாலு பேர் ஹாஸ்டல் அறையில் செய்யலாம். பஸ்ஸில் வரும்போதே செய்யலாம். செலவு, மூன்று துண்டுச் சீட்டு.

ஆசிரியர்களுக்கும் ஒரு சின்ன யோசனை. இந்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடத்தை, ஒரே ஒரு வகுப்பில் இப்படி நடத்திப் பாருங்கள். முடிந்ததும் வாய் திறந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஒருவர் அந்தக் கணக்கில் வந்திருந்தால், அந்த ஐம்பது நிமிடம் வீண் இல்லை.